பாக்ஸுக்குள் வீணாய்ப் போன பெனால்டி: காசைப் பிடிப்பதா, உட்கார வைப்பதா, சொல்லிக் கொடுப்பதா?

கால்பந்து ஆட்டம் 1–1. எண்பதாவது நிமிடம் தாண்டிவிட்டது. எதிரணி விங்கர் கோலுக்கு முதுகைக் காட்டியபடி, பாக்ஸுக்குள் (கோலுக்கு முன்னால் உள்ள பெரிய கட்டம்) ஓரமாக, மூலைக்கொடியைப் பார்த்துப் பந்தை இழுத்துக்கொண்டு போகிறார். அவரால் அந்த நொடியில் எந்த ஆபத்தும் இல்லை. நம்ம ஸ்டாப்பர் (நடுத் தடுப்பாளர்) பின்னாலிருந்து காலை நீட்டுகிறார். விசில். பெனால்டி. 1–2. வேனில் ஏறுவதற்குள் நிர்வாகி கோச்சிடம் கேட்டுவிடுவார்: "இவனை என்னதான் பண்றது?"

சம்பளத்துக்கோ ஆட்டத்துக்கு இவ்வளவு என்றோ ஆள் எடுத்து விளையாடும் அணிகள் மதுரைக்குப் புதிதல்ல. 2019-இல் இந்திய மகளிர் லீக்கை வென்ற சேது எஃப்சி மதுரை அணிதான். காசு கொடுத்து ஆட வைக்கும்போது 'ஒழுங்கு நடவடிக்கை' என்ற பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. அந்த நடவடிக்கைக்கு இருக்கும் வழிகளை இங்கே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கலாம். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஃபவுல் எங்கிருந்து பிறந்தது என்று பார்க்க வேண்டும். காலிலிருந்தா, கையிலிருந்தா, வாயிலிருந்தா, மூச்சு வாங்கியதிலிருந்தா? இந்த நான்குக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பதால்தான் பெரும்பாலான அணிகளில் அபராதமும் பலிப்பதில்லை, அறிவுரையும் பலிப்பதில்லை.

தவறைத் தண்டிக்கிறோமா, கோலைத் தண்டிக்கிறோமா

கால்பந்து விதிகளில் 12-ஆவது விதி ஃபவுலை மூன்று படியாகப் பிரிக்கிறது. கவனமில்லாமல் இடித்தாலோ தட்டினாலோ ஃபவுல் மட்டும்தான், அட்டை கிடையாது. எதிராளிக்கு என்ன ஆகும் என்று பார்க்காமல் பாய்ந்தால் மஞ்சள். அளவுக்கு மீறிய பலத்தைக் காட்டினால் சிவப்பு. ஆக, நாம் 'அசட்டை' என்று திட்டுகிற ஃபவுல்தான் விதிப்படி மூன்றிலும் சின்னது. அதுவே பாக்ஸுக்குள் நடந்தால் பெரும்பாலும் ஒரு கோல் போய்விடும். பெனால்டிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று உள்ளே போகிறவை.

பாக்ஸ் என்பது 16.5 மீட்டர் ஆழமும் 40.32 மீட்டர் அகலமும் உள்ள கட்டம். கோட்டுக்கு இரண்டடி வெளியே அதே காலை நீட்டியிருந்தால் ஃப்ரீ கிக்கோடு முடிந்திருக்கும், ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கமாட்டார்கள். கோலி (கோல்கீப்பர்) அந்தப் பெனால்டியைப் பிடித்திருந்தால் அபராதப் பேச்சே எழுந்திருக்காது. அப்படியென்றால் கிளப் தண்டித்தது தவறையா, ஸ்கோரையா? ஆட்டக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 'மாட்டினால்தான் குற்றம்' என்பதுதான் அவர்கள் கற்றுக்கொள்ளும் பாடம். அதனால் எந்த வழியைத் தேர்ந்தாலும், பெனால்டி கோலானாலும் வெளியே போனாலும் நடவடிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். பாக்ஸுக்கு வெளியே அதே மாதிரி காலை நீட்டியதையும் நோட்டில் எழுத வேண்டும். அடுத்த பெனால்டி யாரிடமிருந்து வரப்போகிறது என்பதை அந்த நோட்டு முன்னாடியே சொல்லிவிடும்.

நோட்டில் என்ன எழுதுவது? நிமிடம், இடம், பந்து எங்கே இருந்தது, காலா கையா, அவர் அதற்குமுன் எவ்வளவு தூரம் ஓடி வந்தார், பந்தை முதலில் இழந்தது யார். கடைசிக் கேள்விதான் முக்கியம். நடுக்களத்தில் ஒருத்தர் தேவையில்லாமல் குறுக்கே ஒரு பாஸ் போட்டு இழந்திருப்பார். நாற்பது மீட்டர் பின்னால் ஓடி வந்த ஸ்டாப்பர் கடைசியில் காலை விட்டிருப்பார். பெனால்டி ஸ்டாப்பர் கணக்கில் விழும். முதல் தவறு செய்தவர் அதே வேனில் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

காசைப் பிடிப்பது

நிர்வாகத்துக்கு மிகச் சுலபமான வழி இதுதான். ஒரு வரியில் முடிந்துவிடும். இங்கிலாந்தின் பெரிய கிளப்களில்கூட இதற்கு வரம்பு உண்டு. பொதுவாக இரண்டு வாரச் சம்பளத்துக்கு மேல் கிளப் அபராதம் போட முடியாது. 2019-இல் செல்சி அணிக்கு அப்போதைய பயிற்சியாளர் லாம்பார்ட் போட்ட அபராதப் பட்டியல் வெளியே கசிந்தது. பயிற்சிக்குத் தாமதமாக வந்தால் 20,000 பவுண்டு. அது நேரம் தவறியதற்கான தொகை. நேரத்துக்கு வருவது முழுக்க முழுக்க ஆட்டக்காரர் கையில் இருக்கிற விஷயம், அதனால் அங்கே அபராதம் வேலை செய்யும்.

நம்ம ஊரில் அளவு எவ்வளவு? நமது ஊதியச் சட்டங்கள் தொழிலாளருக்கு ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. முன்பிருந்த 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்தைப் போலவே, அதற்குப் பதிலாக வந்த 2019-இன் ஊதியத் தொகுப்புச் சட்டமும், அந்த ஊதியக் காலத்துச் சம்பளத்தில் 3 சதவீதத்துக்கு மேல் அபராதம் கூடாது என்கிறது. எதற்கெல்லாம் அபராதம் என்று முன்கூட்டியே எழுதி அறிவித்திருக்க வேண்டும். ஆளைக் கூப்பிட்டு விளக்கம் கேட்காமல் போடக்கூடாது. தவணையாகப் பிடிக்கக்கூடாது, 90 நாள் கழித்தும் பிடிக்கக்கூடாது. பிடித்த பணம் பதிவேட்டில் ஏறி, ஊழியர் நலனுக்கே போக வேண்டும். ஆட்ட ஒப்பந்தம் எந்த வகையில் எழுதப்பட்டிருந்தாலும், இது நல்ல அளவுகோல். மாதம் 20,000 ரூபாய் வாங்குபவருக்கு 600 ரூபாய். ஒரு பெனால்டிக்கு 5,000 ரூபாய் பிடித்தால் அது தண்டனை என்ற கணக்கில் வராது. வீட்டு வாடகையில் கை வைத்ததாகத்தான் அவர் எடுத்துக்கொள்வார். அடுத்த சீசனில் வேறு அணியில் இருப்பார்.

அதைவிடப் பெரிய கோளாறு ஆடுகளத்தில் தெரியும். காலை நீட்டியதற்குக் காசு போனால் ஸ்டாப்பர் அடுத்த ஆட்டத்தில் காலையே நீட்டமாட்டார். இரண்டு மீட்டர் தள்ளி நின்று எதிரணி ஃபார்வர்டுக்கு மரியாதை கொடுப்பார். ஃபார்வர்ட் நிதானமாகத் தலையைத் தூக்கி, மூலை பார்த்து அடிப்பார். பெனால்டி வராது, கோல் வரும். அந்தக் கோலுக்கு அபராதப் பட்டியலில் வரியே இருக்காது.

அபராதம் பலிக்கும் இடம் வாய்தான். ரெஃப்ரியிடம் கை நீட்டிப் பேசுவது, விசில் அடித்தபின் பந்தைத் தூக்கி எறிவது, ஃப்ரீ கிக்கை எடுக்கவிடாமல் முன்னால் போய் நிற்பது. இவற்றால் நேராகப் பெனால்டி வராது. ஆனால் 30-ஆவது நிமிடத்தில் வாயால் வாங்கிய மஞ்சள், 80-ஆவது நிமிடத்தில் பாக்ஸுக்குள் அவர் காலைக் கட்டிப்போடும். இல்லையென்றால் இரண்டாவது மஞ்சளாகி ஆளையே வெளியே அனுப்பும். வாயை மூடுவதற்குப் பயிற்சி வேண்டியதில்லை, முடிவெடுத்தால் போதும். அதனால் அங்கே 300, 600 என்று இரண்டு படி வைத்து, சீசன் தொடங்கும் முன்பே தமிழில் ஒரு பக்கம் எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி வைக்கலாம். வெளிமாநில ஆட்டக்காரர் இருந்தால் அவருக்குப் புரியும் மொழியிலும் ஒரு நகல் வேண்டும்.

உட்கார வைப்பது

2022 உலகக் கோப்பையின் அர்ஜென்டினா–பிரான்ஸ் இறுதி ஆட்டத்தை இதற்கென்றே மறுபடி பார்க்கலாம். ஒரே ஆட்டத்தில் மூன்று பேர் பெனால்டி கொடுத்தார்கள், மூன்று பேருக்கும் மூன்று விதமாக நடந்தது. பிரான்ஸின் டெம்பெலே டி மரியாவைப் பின்னாலிருந்து தட்டினார், 23-ஆவது நிமிடத்தில் மெஸ்ஸி கோலடித்தார். 41-ஆவது நிமிடத்தில், இடைவேளைகூட வராத நேரத்தில், பயிற்சியாளர் தெஷாம்ப் டெம்பெலேயை ஜிரூவோடு சேர்த்து வெளியே எடுத்துவிட்டார். அந்தப் பெனால்டி ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. அதற்குள் 0–2, பிரான்ஸ் எழுந்து நிற்கவே இல்லை. மறுபக்கம் அர்ஜென்டினாவின் ஒட்டமெண்டி, முன்னால் ஓடிய கோலோ முவானியைத் தடுக்கப் போய் 80-ஆவது நிமிடத்துப் பெனால்டிக்குக் காரணமானார். அவரை எடுக்கவில்லை, கடைசிவரை ஆடினார். கூடுதல் நேரத்தில் எம்பாப்பே அடித்த பந்து மொன்டியேலின் முழங்கையில் பட்டு மூன்றாவது பெனால்டி, ஸ்கோர் 3–3. அதே மொன்டியேலைத்தான் ஷூட் அவுட்டில் (சமநிலையை முடிக்க மாறி மாறி அடிக்கும் பெனால்டிகள்) அனுப்பினார்கள். கோப்பையை வென்ற உதை அவருடையது. வெளியே எடுக்கப்பட்ட டெம்பெலே 2025-இல் உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் டோர் விருதை வாங்கினார்.

இதிலிருந்து தெரிவது இரண்டு. முதலாவது, டெம்பெலே ஒரு விங்கர். பாக்ஸுக்குள் வீணாகப் பெனால்டி கொடுப்பவர்களில் உதவி செய்ய ஓடிவந்த ஃபார்வர்டுகளும் விங்கர்களும் நிறைய உண்டு. தடுக்கிற கலையை அவர்கள் பழகியிருக்கமாட்டார்கள். அப்படிப்பட்டவரை உட்கார வைப்பதைவிட, பாக்ஸுக்குள் டேக்கிள் போடாதே, கூடவே ஓடி வழியை மட்டும் அடை என்று ஒரே கட்டளை கொடுப்பது மேல். இரண்டாவது, அடுத்த பெரிய பொறுப்பை யாரிடம் கொடுக்கிறோம் என்பதும் ஒரு நடவடிக்கைதான்.

உட்கார வைப்பது காசைவிடக் கூர்மையான கத்தி. ஆட்டக்காரருக்கு ஆட்டம்தான் சொத்து. ஆனால் மாற்று ஆள் யார் என்று பார்க்காமல் அந்தக் கத்தியை எடுக்கக்கூடாது. 18 பேர் உள்ள அணியில் இரண்டாவது ஸ்டாப்பர் கல்லூரியில் முதலாண்டு படிக்கிற பையன் என்றால், தண்டனை கோலிக்குத்தான். ஒரு ஆட்டம் போதும். இரண்டாவது ஆட்டமும் உட்கார வைத்தால் அவர் ஆட்டப் பழக்கம் விட்டுப் போய், திரும்பி வரும்போது இன்னும் தாமதமாகக் காலை நீட்டுவார். காரணத்தை அணிப் பட்டியல் அறிவிக்கும் முன்னால், தனியாக, நேரில் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் பட்டியலைப் போட்டு அவரே தன் பெயரைத் தேட விடுவது மகா மட்டமான வழி.

அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டங்களில் இதைவிட வசதி உண்டு. இஷ்டத்துக்கு ஆள் மாற்ற விதி இருந்தால் ஐந்து நிமிடம் வெளியே எடுத்து, தண்ணீர் கொடுத்து, ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லித் திரும்ப அனுப்பலாம். அடிமட்டப் போட்டிகளில் வாய் பேசியதற்கு 10 நிமிடம் வெளியே நிறுத்தும் 'சின் பின்' முறையைக் கால்பந்து விதியே அனுமதிக்கிறது. அதன் சிறிய வடிவம்தான் இது.

ஓட விடுவது

வேண்டாம். சித்திரை வெயிலில் மாலை நான்கு மணிக்கு மைதானத்தைப் பத்து சுற்று என்றால் ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர். தொடை பின்தசை பிடித்துக்கொண்டால் அடுத்த ஆட்டத்துக்கு ஆளே இல்லை. களைப்பால் ஃபவுல் செய்தவரை மேலும் களைக்க வைப்பது எந்த ஊர் வைத்தியம்? அணி முழுவதையும் அவருக்காக ஓட விட்டால் கோபம் இரண்டு பக்கமும் போகும், பாதி அவர் மேல், பாதி கோச் மேல். முட்டி போட வைப்பது, கை ஓங்குவது பற்றி எழுதவே வேண்டியதில்லை.

அணிக்குள்ளேயே ஒரு உண்டியல் வைத்து, ஆட்டக்காரர்களே 50, 100 என்று போட்டு சீசன் முடிவில் பிரியாணி சாப்பிடுகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. அது கலகலப்புக்கு நல்லது. பெனால்டியைக் குறைக்கும் என்று நம்ப வேண்டாம். கேப்டன் பெனால்டி கொடுத்த அன்று உண்டியல் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

சொல்லிக் கொடுப்பது

காலிலும் கையிலும் பிறந்த ஃபவுலுக்கு இதைத் தவிர வேறு மருந்து கிடையாது. ஆனால் 'பாத்து ஆடுப்பா' என்பது சொல்லிக் கொடுத்தல் ஆகாது.

கால் ஏன் நீளுகிறது? பெரும்பாலும் நிற்கும் விதத்தால்தான். பந்து வைத்திருப்பவருக்கு நேர் எதிரே, இரண்டு பாதமும் ஒரே கோட்டில், எடை குதிகாலில். அவர் ஒரு பக்கம் வெட்டினால் திரும்ப நேரமில்லை, கால் மட்டும் தானாக நீளும். சரியான நிலை, பக்கவாட்டில் திரும்பி, முழங்கால் மடக்கி, எடை பாதத்தின் முன்பகுதியில், ஒன்றிலிருந்து ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டு, அவரை வெளிப்பக்கம் தள்ளியபடி பின்வாங்குவது. பந்து அவர் காலை விட்டு அரை மீட்டராவது விலகும்போதுதான் குத்த வேண்டும், அதுவும் பந்துக்குப் பக்கத்தில் உள்ள காலால். பந்து அவர் காலிலேயே ஒட்டியிருக்கும்போது நீட்டினால் கிடைப்பது அவர் கணுக்கால்தான்.

பாக்ஸுக்குள் தரையில் படுக்கவே கூடாது, அடிக்கிற பந்தை மறிக்க மட்டும் விதிவிலக்கு. 2006 உலகக் கோப்பையில் இத்தாலி–ஆஸ்திரேலியா ஆட்டம், 0–0, காயநேரத்தின் கடைசி நொடிகள். இத்தாலியின் குரோஸ்ஸோ பாக்ஸுக்குள் பந்தோடு வந்தார். ஆஸ்திரேலியாவின் லூக்கஸ் நீல் தரையில் விழுந்து தடுக்கப் பார்த்தார். குரோஸ்ஸோ அவர்மேல் தடுக்கி விழுந்தார். டோட்டி பெனால்டியைக் கோலாக்கினார், ஆஸ்திரேலியா வீட்டுக்குப் போனது. அது பெனால்டியா என்று இன்றும் சண்டை உண்டு. நீல் நின்றிருந்தால் அந்தச் சண்டைக்கே இடமில்லை.

நம்ம பக்கத்து மண் கிரவுண்டில் ஒரு தனிக் கதை. செம்மண்ணும் சரளையும் கலந்த தரையில் ஸ்லைடிங் போட்டால் தொடை உரிந்துவிடும் என்பதால் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்தே படுப்பதில்லை. நல்லதுதான். ஆனால் அதற்குப் பதிலாகக் கையால் பிடிக்கப் பழகிவிடுகிறார்கள், சட்டையை, தோளை, இடுப்பை. ஊர் டோர்னமென்டில் ஒற்றை ரெஃப்ரி தூரத்திலிருந்து பார்க்கையில் அது தப்பிவிடும். லைன் ரெஃப்ரிகளும் இருக்கும் லீக்கில் தப்பாது. பிடித்த பிடி பாக்ஸுக்கு வெளியே தொடங்கி உள்ளே வரை நீடித்தால் அதுவும் பெனால்டிதான். பந்து மறுமூலையில் இருந்தாலும், ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில் தன் பாக்ஸுக்குள் எதிராளியை இழுத்தால் பெனால்டிதான். கோலடிக்கும் தெளிவான வாய்ப்பைத் தடுத்த ஃபவுலில், பந்துக்காகப் போய்த் தவறினால் 2016-இலிருந்து பெனால்டியோடு மஞ்சள், இழுத்துப் பிடித்திருந்தால் சிவப்பு. காலுக்கும் கைக்கும் தண்டனையில் இவ்வளவு வித்தியாசம் இருப்பது ஆட்டக்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அரை மணி நேர விதி வகுப்பு எந்த அபராதத்தையும்விட மலிவு.

பயிற்சி இப்படி. பாக்ஸின் மூலையில் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலத்துக்குக் கோன் வைத்து ஒரு சந்து. தடுப்பவர் இரண்டு கையிலும் ஒவ்வொரு டென்னிஸ் பந்து. பந்து கையில் இருந்தால் சட்டையைப் பிடிக்க முடியாது, டென்னிஸ் பந்து கீழே விழுந்தால் ஃபவுல். தாக்குபவர் பந்தோடு கோல் கோட்டைத் தாண்டினால் அவருக்கு 1. தடுப்பவர் ஃபவுல் செய்தாலோ தரையில் படுத்தாலோ தாக்குபவருக்கு 2. எட்டு நொடி கடந்தாலோ பந்து வெளியே போனாலோ தடுப்பவருக்கு 1. இந்தக் கணக்கில் காத்திருப்பவர்தான் ஜெயிப்பார், அந்தப் பழக்கத்துக்காகத்தான் இது. ஆறு முறை, ஒரு நிமிட ஓய்வு, மூன்று சுற்று. வாரம் இரண்டு நாள், பயிற்சியின் கடைசிக் கால் மணி நேரத்தில், கால் தளர்ந்திருக்கும்போது. தொடக்கத்தில் வைத்தால் எல்லாரும் நன்றாகத்தான் செய்வார்கள்.

கார்னருக்கு (மூலையிலிருந்து அடிக்கும் உதை) வேறு பயிற்சி. அங்கே பிடிப்பது பெரும்பாலும் பயத்தால். பந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர், ஆள் நகர்ந்துவிட்டது தெரிந்தவுடன் கையைப் போடுகிறார். பந்தும் ஆளும் இரண்டும் கண்ணில் படும்படி பாதி திரும்பி நின்று, முன்கையை மடக்கி மெதுவாக அவர்மேல் தொட்டுக்கொண்டிருக்கச் சொல்ல வேண்டும், விரல்கள் மூடியே இருக்க வேண்டும். பத்து கார்னர், அதில் யார் சட்டை இழுபட்டது என்று பார்க்க ஓர் ஆளைத் தனியாக நிறுத்தலாம்.

இந்த வழியின் குறை, பலன் தெரிய நாளாகும். நான்கு வாரம் முடியும் முன் எதையும் எதிர்பார்க்கக்கூடாது. நிர்வாகிக்கு அவ்வளவு பொறுமை இருக்குமா என்பது வேறு கேள்வி.

மூச்சு வாங்கியதால் வந்த பெனால்டி

நோட்டில் பெனால்டிகள் பெரும்பாலும் 70-ஆவது நிமிடத்துக்குப் பிறகே விழுந்திருந்தால், ஆட்டக்காரரை விட்டுவிட்டு கோச்சைக் கூப்பிட வேண்டும். அறிகுறிகள் முன்னாலேயே தெரியும். ஆட்டம் நின்றதும் கையை முழங்காலில் ஊன்றுவது, திரும்புவதில் அரை நொடி தாமதம், ஓட வேண்டிய இடத்தில் தோளில் கை போடுவது. அந்த நேரத்தில் மாற்றியிருக்க வேண்டும். ஐந்து பேரை மாற்ற அனுமதி உள்ள போட்டியில் இரண்டு மாற்றத்தைப் பையில் வைத்துக்கொண்டே பெனால்டி வாங்கிவிட்டு, பையனிடம் போய் 'கவனம் எங்கடா' என்று கேட்பது நியாயமில்லை. வெயில் ஆட்டத்தில் தண்ணீர் இடைவேளையும் குளிர்விப்பு இடைவேளையும் விதியிலேயே உண்டு, முதலாவது ஒரு நிமிடத்துக்குள், இரண்டாவது ஒன்றரையிலிருந்து மூன்று நிமிடம். ஆட்டம் தொடங்கும் முன்பே ரெஃப்ரியிடமும் அமைப்பாளர்களிடமும் கேட்டு வாங்க வேண்டியது அணி நிர்வாகத்தின் வேலை.

எதை எப்போது

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் அன்று இரவு ஒன்றும் பேச வேண்டாம். "தெரியாமப் பட்டுருச்சுண்ணே" என்பதைத் தவிர அவரிடமிருந்து எதுவும் வராது. செவ்வாய்க்கிழமை நோட்டையும், யாராவது போனில் எடுத்த வீடியோவையும் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் தனியாக உட்காரலாம். ஃபவுலுக்கு முந்தைய பத்து நொடியை முதலில் அவரே சொல்லட்டும். கால் அல்லது கை என்றால் நான்கு வாரப் பயிற்சி, காசு பிடிக்க வேண்டாம், ஆட்டமும் போக வேண்டாம். அதே வகை ஃபவுல் அந்த நான்கு வாரத்துக்குப் பிறகும் வந்தால் ஒரு ஆட்டம் பெஞ்சு. வாய் என்றால் முதல் தடவையே பட்டியல்படி காசு, மூன்றாவது தடவை பெஞ்சு, அது கேப்டனாக இருந்தாலும். மூச்சு என்றால் அவருக்கு ஒன்றுமில்லை, மாற்றும் நேரத்தைத் திருத்த வேண்டும். எதிராளியைக் காயப்படுத்தும் பாய்ச்சல் இந்தக் கணக்கில் வராது. அதற்குப் பேச்சே இல்லை, நேராகப் பெஞ்சு.

வேண்டுமென்றே செய்த ஃபவுல் ஒன்று இருக்கிறது. 2010 உலகக் கோப்பையில் கானாவுக்கு எதிராக, கூடுதல் நேரத்தின் கடைசியில், கோல் கோட்டில் உருகுவேயின் சுவாரஸ் பந்தைக் கையால் தடுத்தார். சிவப்பு அட்டை, பெனால்டி, கானாவின் ஜியான் அடித்தது கோலின் மேல்கம்பத்தில் பட்டது, உருகுவே ஷூட் அவுட்டில் ஜெயித்தது. அதை அசட்டை என்று யாரும் சொல்ல முடியாது. சரியா தவறா என்பது அணியின் மனசாட்சிக்கான விஷயம். ஒழுங்கு நடவடிக்கைப் பட்டியலில் அதற்கு இடம் தேட வேண்டாம்.

பெஞ்சிலிருந்து திரும்பி வருபவரை மூலையில் ஒளித்து வைக்கக்கூடாது. முதல் கார்னரிலேயே எதிரணியின் உயரமான ஆளை அவரிடம் கொடுக்கலாம். கொடுத்துவிட்டு, கோட்டுக்கு வெளியே நின்று "கையை எடுடா, கையை எடுடா" என்று மட்டும் கத்த வேண்டாம். அது ரெஃப்ரி காதிலும் விழும்.